பொருந்தாததை அடித்துவிடவும்: நகரமன்றங்களுக்கும் அவற்றின் சட்ட ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகரமன்ற உறுப்பினர்களுக்கும், ஆணையர்களுக்கும், கட்டட அனுமதிப் பிரிவு அலுவலர்களுக்கும், அவர்களுக்குச் சட்ட ஆலோசனை வழங்கும் என் சக வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

என் மேசையில் ஓர் அறிவிப்பு கிடக்கிறது. அச்சிட்ட படிவம். ‘தங்கள் கட்டடம் அனுமதியின்றிக் கட்டப்பட்டுள்ளது / அனுமதிக்கு மாறாகக் கட்டப்பட்டுள்ளது / பொது இடத்தை ஆக்கிரமித்துள்ளது / இடிந்து விழும் நிலையில் உள்ளது’ என்று நான்கு குற்றச்சாட்டுகள் சாய்கோடு போட்டு வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘பொருந்தாததை அடித்துவிடவும்’ என்ற குறிப்பு இருக்கிறது. யாரும் எதையும் அடிக்கவில்லை. ஆகவே அந்தத் தாளின்படி அந்த வீடு அனுமதியே இல்லாமலும் கட்டப்பட்டிருக்கிறது, பெற்ற அனுமதியை மீறியும் கட்டப்பட்டிருக்கிறது, தெருவையும் விழுங்கியிருக்கிறது, அதோடு எந்த நேரமும் விழவும் போகிறது. கதவு எண் மட்டும் நீல மையில் கையால் எழுதப்பட்டுள்ளது. பதில் தர ஏழு நாள் கெடு. அறிவிப்பில் போட்டிருக்கும் தேதிக்கும் உறையின் மேல் உள்ள அஞ்சல் முத்திரைக்கும் இடையே ஒன்பது நாள் வித்தியாசம். உரிமையாளர் கையெழுத்துப் போட்டு உறையை வாங்குவதற்கு முன்பே அவருக்குத் தரப்பட்ட அவகாசம் தீர்ந்துவிட்டது.

அது எந்த நகரம் என்பது இங்கே வேண்டாம். அதே படிவம், சொற்கள் சற்று மாறி, வேறு பல நகரங்களிலும் புழங்குவதை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சொத்து உரிமையாளர்களுக்காகவும் வாதாடியிருக்கிறேன், உள்ளாட்சி அமைப்புகளுக்காகவும் வாதாடியிருக்கிறேன். இன்னும் சொல்லப்போனால், ஒரு நகரமன்றத்துக்கு ஆலோசகராக இருந்த காலத்தில் இப்படியொரு படிவத்தை மேலோட்டமாகப் பார்த்து ‘சரி’ என்று குறிப்பெழுதிக் கொடுத்தவன் நானும்தான். எனவே இந்த மடலை வெளியே நின்று குறை சொல்பவனின் குரலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: ஒருவருடைய மனையின் மீதோ கட்டடத்தின் மீதோ நகரம் கை வைப்பதற்கு முன், எதற்காகக் கை வைக்கிறது என்பதை, அந்தச் சொத்துக்கே உரிய விவரங்களோடு, மறுமொழி சொல்லக்கூடிய வகையில் எழுதித் தர வேண்டும். நகரங்கள் தோற்ற வழக்குகளில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை அதிகாரம் இல்லாததால் தோற்றவை அல்ல. இந்த ஒன்றைச் செய்யாததால் தோற்றவை.

இது புதிய கோரிக்கை அன்று. 1863ஆம் ஆண்டில் லண்டனின் வாண்ட்ஸ்வொர்த் வட்டாரப் பணிகள் வாரியத்தின் மீது கூப்பர் என்ற கட்டுமானக்காரர் தொடுத்த வழக்கை நம்மில் சட்டம் படித்த எல்லோரும் தேர்வுக்காக ஒருமுறை மனப்பாடம் செய்து, பிறகு மறந்திருப்போம். புதிய வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவதற்கு ஏழு நாள் முன்னதாக வாரியத்துக்குத் தகவல் தர வேண்டும் என்றும், தராவிட்டால் அந்த வீட்டை வாரியம் இடிக்கலாம் என்றும் அன்றைய சட்டம் சொன்னது. தகவல் அனுப்பியதாகக் கூப்பர் சொன்னார். வரவில்லை என்று வாரியம் சொன்னது. வீடு இரண்டாம் தளம் வரை எழும்பியிருந்த நிலையில், ஒருநாள் மாலை இருட்டும் நேரத்தில் வாரியத்தின் அளவையாளர் ஆட்களோடு வந்து அதைத் தரைமட்டமாக்கிவிட்டார். சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் வாரியத்தின் பக்கம் தவறே இல்லை. ‘இடிக்கலாம்’ என்று சட்டம் சொல்கிறது. ‘கேட்டுவிட்டு இடிக்க வேண்டும்’ என்று எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் வாரியம் தோற்றது. சட்டமன்றம் எழுதாமல் விட்ட இடத்தைப் பொதுச் சட்டத்தின் (தீர்ப்புகள் வழியே வளர்ந்த சட்டத்தின்) நீதி நிரப்பும் என்றார் நீதிபதி பைல்ஸ். ஏதேனில் விதியை மீறிய ஆதாமைக்கூட, தீர்ப்புச் சொல்வதற்கு முன் ‘நீ எங்கே இருக்கிறாய்’ என்று அழைத்துக் கேட்ட பிறகே கடவுள் தண்டித்தார் என்ற பழைய மேற்கோளையும் அவர் எடுத்தாண்டார்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு அதைவிடப் பிடித்தது தலைமை நீதிபதி ஏர்ல் சொன்ன சாதாரணமான ஒரு கருத்து. அந்த மனிதரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் வாரியத்துக்கு என்ன கெட்டுப்போயிருக்கும் என்று அவர் யோசித்துப் பார்க்கிறார். ஒரு தீமையும் தோன்றவில்லை, நன்மைகள்தாம் பல தோன்றுகின்றன என்கிறார். அனுப்பிய கடிதம் வழியில் தொலைந்திருக்கலாம். அடித்தளத்திலும் வடிகாலிலும் ஒரு குறையும் இல்லாத வீடாக அது இருந்திருக்கலாம். அப்படியானால் அபராதத்தோடு விட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இவை தெரிந்திருக்கும். கேட்பது உரிமையாளருக்குச் செய்யும் சலுகை என்ற எண்ணம் நம் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. நகரம் தன் தவறைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் வழி அது என்பதை அந்த நீதிபதி 160 ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார்.

நகரங்களுக்கு அதிகாரம் வேண்டாம் என்று யாரும் இதைத் திரித்துவிடக் கூடாது என்பதற்காக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலம் என்னுடையது, அதில் என்ன கட்டினால் உனக்கென்ன என்ற வாதம் நகரத்தில் செல்லாது. ஒருவர் எழுப்பும் சுவர் இன்னொருவரின் காற்றையும் வெளிச்சத்தையும் மறைக்கிறது. ஒருவர் மூடும் வாய்க்கால் தெரு முழுவதையும் வெள்ளத்தில் தள்ளுகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் யூக்ளிட் என்னும் சிற்றூர் 1922இல் தன் நிலப்பரப்பைக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று மண்டலங்களாகப் பிரித்தது. தன் 68 ஏக்கர் நிலத்தின் மதிப்பு அதனால் சரிந்துவிட்டது என்று ஒரு நில நிறுவனம் வழக்குத் தொடுத்து, அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1926இல் அந்த நீதிமன்றம் ஊரின் பக்கமே தீர்ப்பளித்தது. தன்னளவில் தவறில்லாத பொருளும் இடம் மாறி வந்தால் தொல்லையாகிவிடும், தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறைக்குள் வந்ததுபோல, என்று நீதிபதி சதர்லேண்ட் எழுதினார். உலகின் பல நகரங்களில் இன்று நாம் காணும் மண்டல விதிகளுக்கு வலுவான சட்ட ஆதரவாக அமைந்த தீர்ப்புகளுள் அதுவும் ஒன்று.

ஆனால் யூக்ளிட் தீர்ப்பை மேற்கோள் காட்டும் நகர வழக்கறிஞர்கள் பலர் அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து வந்த நெக்டோ வழக்கைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு மனையின் 100 அடி அகலத் துண்டு மட்டும் குடியிருப்பு மண்டலத்துக்குள் விழுந்தது. சுற்றிலும் தொழிற்சாலையும் ரயில் பாதையும் இருக்க, அந்தத் துண்டை வீடு கட்டுவதற்கென்று ஒதுக்கியதால் ஊருக்கு ஒரு நன்மையும் இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதே நீதிமன்றம், அதே சதர்லேண்டின் எழுத்தில், அந்த மனையைப் பொறுத்தவரை விதி செல்லாது என்றது. பொதுவாக நல்ல விதி என்பது போதாது. இந்த நிலத்தின் மீது அது ஏன் பாய்கிறது என்பதற்கும் விடை வேண்டும். இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் நகரத்தின் அதிகாரம் எவ்வளவு அகலமானது, அதைப் பயன்படுத்தும்போது எவ்வளவு குறிப்பாகப் பேச வேண்டும் என்ற இரண்டும் விளங்கும்.

அறிவிப்புக்கு வருகிறேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று கட்டட இடிப்புகள் பற்றிப் பிறப்பித்த உத்தரவை உங்களில் பலர் படித்திருப்பீர்கள்; அந்நாட்டுக்கு வெளியே இருப்பவர்களும் படிக்கத் தகுந்தது. உள்ளூர்ச் சட்டம் தரும் அவகாசம் அல்லது அறிவிப்பு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாள், இவற்றில் எது பிந்தியதோ அது முடியும் வரை நடவடிக்கை கூடாது. அறிவிப்பு பதிவு அஞ்சலில் போக வேண்டும். கட்டடத்திலும் ஒட்டப்பட வேண்டும். என்ன மீறல், எந்த அளவு, எந்த ஆவணத்தின் அடிப்படையில் என்பன அதில் இருக்க வேண்டும். உரிமையாளரை நேரில் கேட்டு, அந்த விசாரணையின் நடவடிக்கைக் குறிப்பைப் பதிவு செய்ய வேண்டும். இறுதி ஆணையில் அவர் சொன்னதையும் எழுதி, அதை ஏற்காததற்கான காரணத்தையும் எழுதி, மீறலைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த முடியுமா, ஒரு பகுதியை மட்டும் அகற்றினால் போதுமா, இடிப்பு ஒன்றுதான் வழியா என்பதற்கும் விடை எழுத வேண்டும். அதன் பிறகும் 15 நாள் பொறுக்க வேண்டும். மீறி இடித்தால் அலுவலர் தம் சொந்தப் பணத்தில் கட்டித் தர வேண்டியிருக்கும்.

இவற்றுள் பலர் கவனிக்காமல் கடந்து போகும் ஒரு சிறு கட்டளை உண்டு. அறிவிப்பு சேர்ப்பிக்கப்பட்டதும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, அங்கிருந்து தானாக வரும் ஒப்புகையைப் பெற வேண்டும் என்கிறது உத்தரவு. அறிவிப்புக்கு முன்தேதி இடப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழாமல் இருப்பதற்காக என்று அதற்குக் காரணமும் தரப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம், அறிவிப்பில் தேதியை எப்படிப் போட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது என்றால், என் மேசையில் கிடக்கும் உறை தனி ஒன்று அல்ல என்பதும் விளங்குகிறது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு இந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்று அதே உத்தரவு விலக்கும் அளித்திருக்கிறது. அந்த விலக்கைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா வீட்டையும் ‘பொது இடம்’ என்று எழுதிவிடும் ஆசை எழக்கூடும்; நான்கு குற்றச்சாட்டுகளில் மூன்றாவதை அடிக்காமல் விட்டதற்கு அந்த ஆசைதான் காரணமோ என்று எனக்கு ஐயம் உண்டு. அப்படி எழுதுவோருக்கு 1985ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பை நினைவூட்ட வேண்டும். பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு, நடைபாதை ஆக்கிரமிப்பை முன்னறிவிப்பு இல்லாமலே அகற்றலாம் என்று ஆணையருக்கு அதிகாரம் தந்திருந்தது. ‘இல்லாமலே அகற்றலாம்’ என்பதற்கு ‘இல்லாமல்தான் அகற்ற வேண்டும்’ என்று பொருள் இல்லை, முன்னறிவிப்புத் தருவதே விதி, தராமல் விடுவது விலக்கு என்று அந்த நீதிமன்றம் பிரித்துக் காட்டியது.

இவ்வளவும் செய்தால் காலம் ஓடிவிடும் என்பது அலுவலர்களின் வழக்கமான மறுப்பு. அந்த உத்தரவின் கணக்கில் குறைந்த அளவாகப் பார்த்தால் 15 நாளும் 15 நாளும் சேர்ந்து ஒரு மாதம். விசாரணைக்கு இன்னும் சில வாரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணமும் எழுதாத அறிவிப்பின் மீது உரிமையாளர் தடையாணை பெற்றால், அது எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்பதை என்னைவிட உங்கள் சட்டப் பிரிவுக் கோப்புகள் நன்றாகச் சொல்லும். உண்மையிலேயே விதியை மீறிய கட்டடங்கள்கூட இந்த ஓட்டையில் புகுந்து தப்பிவிடுகின்றன. ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: தெளிவான மீறல் என்று எனக்கே தெரிந்த கட்டடங்களுக்காக, அறிவிப்பின் குறையை மட்டும் காட்டி, தடையாணை வாங்கித் தந்திருக்கிறேன். உங்கள் படிவங்கள் திருந்தினால் என் தொழிலில் வருமானம் குறையும், பரவாயில்லை.

இடிப்பைப் பற்றி இவ்வளவு பேசினாலும், ஒரு சொத்து உரிமையாளர் நகரத்தை அன்றாடம் சந்திக்கும் இடம் கட்டட அனுமதிதான். அங்கே நிபந்தனைகள் வழியாகவே நகரம் பேசுகிறது. இரண்டு தளம் கொண்ட சிறிய தனி வீடு ஒன்றுக்கு வந்த அனுமதியில், ‘மின்தூக்கியை ஆண்டுதோறும் சோதித்துச் சான்று பெற வேண்டும்’ என்றும், ‘பணியாளர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கழிப்பறை அமைக்க வேண்டும்’ என்றும் நிபந்தனைகள் இருந்தன. அந்த வீட்டில் மின்தூக்கியும் இல்லை, பணியாளரும் இல்லை. வேறு ஏதோ அலுவலகக் கட்டடத்தின் அனுமதியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகலாம்தான்; ஆனால் அதே பட்டியலின் 14ஆம் வரியில், மனையின் முன்பக்கத்தில் ஒரு கீற்று நிலத்தைச் சாலைக்காகத் தானமாக எழுதித் தர வேண்டும் என்றும் இருந்தது. அதுவும் ஒட்டியதா, எண்ணி எழுதியதா என்று கேட்டபோது பிரிவு எழுத்தரால் விடை சொல்ல முடியவில்லை.

அனுமதி வேண்டுமானால் நிலம் கொடு என்று நகரம் கேட்கலாமா? கேட்கலாம், சில வரம்புகளுக்குள். இங்கிலாந்தில் 1980இல் நியூபரி வழக்கில், அனுமதியின் நிபந்தனை திட்டமிடல் நோக்கம் ஒன்றுக்காக இருக்க வேண்டும், அனுமதிக்கப்படும் கட்டுமானத்தோடு நியாயமான தொடர்புடையதாக இருக்க வேண்டும், எந்த அறிவுள்ள நகரமும் விதிக்காத அளவுக்கு முறையற்றதாக இருக்கக் கூடாது என்று வரையறுத்தார்கள். அமெரிக்காவில் 1994இல் முடிந்த டோலன் வழக்கு இன்னும் நுட்பமானது. ஆரிகன் மாநிலத்தின் டைகார்ட் நகரில் குழாய்ப் பொருள் கடை வைத்திருந்த ஒருவர் கடையைப் பெரிதாக்க அனுமதி கேட்டார். ஓடையோரத்து வெள்ளப் பகுதியையும், அதை ஒட்டி மிதிவண்டிப் பாதைக்காக 15 அடி அகலத் துண்டையும் நகரத்துக்கு எழுதித் தந்தால் அனுமதி என்றது நகரம். மொத்தத்தில் ஏறத்தாழ அவருடைய மனையில் பத்தில் ஒரு பங்கு. கடை பெரிதானால் வாகனங்கள் கூடும், மிதிவண்டிப் பாதை அந்த நெரிசலை ஈடுகட்டக்கூடும் என்பது நகரம் எழுதிய காரணம். உச்ச நீதிமன்றம் அந்தக் ‘கூடும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. ஈடுகட்டக்கூடும் என்பது வேறு, ஈடுகட்டும் என்பதோ ஈடுகட்ட வாய்ப்புள்ளது என்பதோ வேறு. கேட்கும் நிலத்துக்கும் கட்டுமானத்தால் விளையும் பாதிப்புக்கும் இடையே தோராயமான பொருத்தமாவது இருப்பதை நகரம் இந்த மனையைக் குறித்து ஆராய்ந்து காட்ட வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. கணிதத் துல்லியத்தை யாரும் கேட்கவில்லை. எண்ணிப் பார்த்ததற்கான அடையாளத்தைத்தான் கேட்டார்கள். 14ஆம் வரியை எழுதியவர் அந்த வீட்டுக்குப் புதிதாக எத்தனை வாகனங்கள் வரும் என்று இரண்டு வாக்கியம் சேர்த்து எழுதியிருந்தால் நான் அந்த நிபந்தனையை எதிர்த்திருக்கவே மாட்டேன்.

நிபந்தனைகளை ஒட்டும் பழக்கத்தைவிடக் கொடியது, கொடுக்கக் கூடாத அனுமதியைக் கொடுத்துவிட்டு அதை மூடி வைப்பது. நொய்டாவில் 2022 ஆகஸ்ட் 28 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட இரட்டைக் கோபுரங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், புழுதி அடங்குவதற்குள் அதை மறந்திருப்பார்கள். அந்தக் கோபுரங்கள் திருட்டுத்தனமாக எழுந்தவை அல்ல; அவற்றின் வரைபடங்களில் திட்டமிடல் ஆணையத்தின் ஒப்புதல் இருந்தது. கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி விடப்படவில்லை என்று பக்கத்துக் குடியிருப்பாளர்கள் முறையிட்டார்கள். அனுமதி பெற்ற வரைபடத்தை அவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, தரலாமா என்று ஆணையம் கட்டுமான நிறுவனத்தையே கேட்டு, அது மறுத்ததும் தானும் மறுத்தது. 2014இல் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொல்லி, 2021 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, வீடு வாங்கியவர்களுக்கு 12 விழுக்காடு வட்டியோடு பணத்தைத் திருப்பித் தர ஆணையிட்டது. அலுவலர்கள் நிறுவனத்தோடு கைகோத்திருந்ததையும் நீதிமன்றம் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. அந்த வரைபடத்தைப் பக்கத்து வீட்டார் பார்ப்பதற்கு வழி இருந்திருந்தால், இடைவெளிக் குறைபாடு கோபுரம் எழும்பும் முன்பே அளவுகோலால் அளக்கக்கூடிய ஒன்றாக இருந்திருக்கும். காரணத்தை எழுதும் கடமை மறுப்புக்கு மட்டும் உரியது அல்ல என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். விதியைத் தளர்த்தி அனுமதி தரும்போதும், ஏன் தளர்த்தினோம் என்று எழுதி, பக்கத்து மனைக்காரர் படிக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

சொத்துவரி பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. பாக்கிக்காகச் சொத்தை விற்கும் அதிகாரம் நகரத்துக்கு உண்டு. பாக்கிக்கு மேல் வந்த பணம் யாருடையது என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஹென்னபின் கவுண்டி என்னும் மாவட்டத்தில், தீர்ப்பின்போது 94 வயதான மூதாட்டி ஒருவர், வரியும் அபராதமும் வட்டியும் செலவுமாக ஏறத்தாழ 15,000 டாலர் கடன்பட்டிருந்தார். அவருடைய குடியிருப்பை 40,000 டாலருக்கு விற்ற உள்ளாட்சி, மிச்சத்தையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் எல்லா நீதிபதிகளும் ஒருமித்து அது செல்லாது என்றார்கள். உங்கள் ஏல விதிகளில் மிச்சத் தொகையைத் திருப்பித் தரும் பிரிவு இருக்கிறதா என்று இன்றே ஒருவர் பார்த்துவிடலாம். பத்து நிமிட வேலை.

இந்த மடலைப் படிக்கும் சொத்து உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனெனில் அவர்கள் இதை எனக்கே எதிராகப் பயன்படுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். காரணம் கேட்கும் உரிமை, கண்ணாமூச்சி ஆடும் உரிமை ஆகாது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒருவர் அனுமதியின்றிக் கோட்டை போன்ற வீடு ஒன்றைக் கட்டி, அதைச் சுற்றி வைக்கோல் பொதிகளை மலைபோல அடுக்கி நான்கு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார். கட்டி முடித்து நான்கு ஆண்டுகளுக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால் கட்டடத்தைத் தொட முடியாது என்று அப்போதைய அந்நாட்டுச் சட்டம் சொன்னது. அதை நம்பி 2006இல் பொதிகளை அகற்றினார். பொதிகளை அகற்றுவதும் கட்டுமான வேலையின் ஒரு பகுதிதான், எனவே நான்கு ஆண்டுக் கணக்கு தொடங்கவே இல்லை என்று தீர்ப்பாகி, முடிவில் 2016இல் வீடு கலைக்கப்பட்டது. அதேபோல, ‘அலுவலர் வாயால் சரி என்றார், அதை நம்பிக் கட்டினேன்’ என்ற வாதத்தையும் நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. ஓர் அலுவலர் சொன்ன வாய்ச்சொல்லால் சட்டம் ஊர் முழுவதற்கும் தந்த பாதுகாப்பைக் கைவிட முடியாது. எனவே நகரத்திடம் எழுத்தில் கேட்கும் நீங்களும் நகரத்துக்கு எழுத்திலேயே சொல்லுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மீண்டும் மன்றத்தாரிடமே வருகிறேன். உங்களிடம் பெரிய சட்டத் திருத்தம் எதையும் நான் கோரவில்லை. நான் கோருவதை மன்றத் தீர்மானமும் ஆணையரின் சுற்றறிக்கையும் கொண்டே செய்துவிடலாம். ‘பொருந்தாததை அடித்துவிடவும்’ படிவங்களை நிறுத்துங்கள். ஒரு குற்றச்சாட்டுக்கு ஒரு படிவம் என்று பிரித்து, மீறப்பட்ட விதியின் எண்ணையும், அனுமதிக்கப்பட்ட அளவையும், களத்தில் அளந்த அளவையும், அளந்தவர் பெயரையும் நாளையும் எழுதும் கட்டங்களை அதில் வையுங்கள். அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருந்தால் அறிவிப்புக்கு அனுப்பீட்டு எண் தரக் கூடாது என்று அனுப்புகைப் பிரிவுக்கு உத்தரவிடுங்கள். பதிலுக்கான கெடுவை, தாளில் போட்ட தேதியிலிருந்து எண்ணாமல் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணுங்கள். களத்துக்குப் போய் அளந்தவரே விசாரணையிலும் அமர்ந்து ஆணையிலும் கையெழுத்திடும் வழக்கத்தை விடுங்கள். சிறிய நகராட்சிகளில் ஆள் பற்றாக்குறை உண்டு என்பதை அறிவேன், ஆனால் பக்கத்து நகராட்சியோடு அலுவலரை மாற்றிக்கொள்ள எந்த விதியும் தடையாக இருக்கும் என்று தோன்றவில்லை. நிபந்தனைப் பட்டியலில் நிலம் கேட்கும் வரி எதுவாயினும், அந்த மனைக்கென்று எழுதிய இரண்டு வாக்கியக் காரணம் இல்லாமல் அது அனுமதியில் ஏறக் கூடாது. சட்ட ஆலோசகர்களே, இப்படியொரு படிவம் உங்கள் மேசைக்கு வரும்போது நான் செய்ததுபோல் மேலோட்டமாகப் பார்த்துச் ‘சரி’ என்று எழுதாதீர்கள்; உங்கள் சொந்த வீட்டுக் கதவு எண்ணை நீல மையில் அதில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு, அதற்கு என்ன பதில் எழுத முடியும் என்று யோசியுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன அந்த வீட்டுக்காரர், நான்கு குற்றச்சாட்டுகளுக்கும் தனித்தனியாக மறுப்பு எழுதும்படி என்னிடம் வந்திருக்கிறார். அனுமதி பெற்ற வரைபடத்தைக் கொண்டுவந்திருக்கிறார். மேல்தளத்தின் பின்பக்கச் சுவர் ஓரடி தள்ளி எழுந்திருப்பது உண்மை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன், சரிசெய்தும் தந்திருப்பேன் என்கிறார். ஆனால் அந்த ஓரடி அறிவிப்பின் எந்த வரியிலும் இல்லை. நாளை நான் அந்த நகரமன்றத்துக்குப் பதில் எழுத வேண்டும். எழுதப்படாத குற்றச்சாட்டை நானாக எழுதி ஒப்புக்கொள்ளவும் முடியாது. எழுதிய நான்கையும் மறுக்காமல் இருக்கவும் முடியாது. புதிய அறிவிப்பை, இம்முறை ஒரே ஒரு காரணத்தோடு அனுப்புங்கள் என்று அந்தப் பதிலின் கடைசிப் பத்தியில் கேட்கப் போகிறேன். உங்கள் மன்றங்களிடமும் அதையே கேட்டுக்கொண்டு, மறுமொழியை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நகரங்களுக்காகவும் உரிமையாளர்களுக்காகவும் வாதாடி வரும் ஒரு வழக்கறிஞர்